கம்பிவேலியில் ஏற்ற நம்மூர்ப் பூக்கொடி எதுங்க?

பொடக்காளி (சூலூர்), ஜூன் 27

வணக்கமுங்க. சூலூர் தாண்டி 5 சென்ட் இடத்தில் வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மேற்குப் பக்கம் 30 அடிக்குக் கம்பிவேலி, அதற்கு அப்பால் காலி மனை. பொழுதோட வெயில் நேராக அடுப்பங்கரைக்குள் வந்து விழுகிறது. ஒரு பூக்கொடி ஏற்றினால் நிழலுக்கும் ஆச்சு, குருவி, பட்டாம்பூச்சி வந்தால் பிள்ளைக்கு வேடிக்கைக்கும் ஆச்சு என்று நர்சரிக்குப் போனேன். காகிதப்பூவைக் காட்டினார்கள், அப்புறம் இளஞ்சிவப்பில் சரம் சரமாகப் பூக்குமே, மெக்சிகோவில் இருந்து வந்த கொடி, அதையும் காட்டினார்கள். "நம்மூர்க் கொடி ஏதாவது இருக்குங்களா" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அதெல்லாம் வேலியில தானா மொளைக்கும், யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க" என்று சிரித்துவிட்டார்.

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. மண் செம்மண், அதில் கட்டட வேலை செய்த ஜல்லி கலந்து கிடக்கிறது. பிள்ளைக்கு நாலு வயது. அத்தைக்குக் கொடி என்றாலே பாம்புதான். இத்தனைக்கும் நடுவில் என்ன வைக்கலாம் என்று சொல்லுங்களேன்.

இட்டேரிக்காரன் (தாராபுரம்), ஜூன் 28

கடைக்காரர் சிரித்ததில் தப்பில்லைங்க அம்மணி. தானாக முளைப்பதைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கள் காட்டுக்குப் போகிற வழி இன்னும் இட்டேரிதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். கிளுவை முள்ளுள்ள சிறு மரம், போத்து வெட்டி வரிசையாக நட்டாலே துளிர்த்துவிடும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டைச் சுற்றி இதைத்தான் உயிர்வேலியாக வைப்போம், உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் நிற்கும், மாடு அவிழ்த்துவிட்டால் பொழுது சாய்கிற வரைக்கும் ஆள் வேண்டாம். அந்த வேலி வெறும் கிளுவையாக என்றைக்கும் நின்றதில்லை. இன்றைக்குக் காலையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது உங்கள் கேள்வி ஞாபகம் வந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான், பிரண்டை, சீந்தில், தூதுவளை, ஆதண்டை, தண்ணீர்விட்டான், காட்டுமல்லி, குன்றிமணி. பத்து ஆச்சு. அதற்குள் வீடு வந்துவிட்டது, இல்லாவிட்டால் இன்னும் இரண்டு தேறியிருக்கும்.

இதில் ஒன்றைக்கூட யாரும் நட்டதில்லை. சின்னானும் குயிலும் கோவைப்பழத்தையும் தூதுவளைப் பழத்தையும் தின்றுவிட்டு வேலியில் உட்கார்ந்து எச்சமிடும், கீழே முளைக்கும், கிளுவையைப் பிடித்து ஏறிக்கொள்ளும். அடியில் ஓணான், கீரி, கவுதாரி. போன வருடம் பக்கத்து ஊரில் ஒரு இட்டேரியை அகலப்படுத்தித் தார் போட்டார்கள். ஜேசிபி ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டது. இப்போது அந்த வழியில் காரில் போகலாம், கவுதாரிச் சத்தம் மட்டும் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது எதையும் நடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி முழுக்கச் சூலூர், பல்லடம், உடுமலை வழியாகத்தான் விசிறும். மேற்கு வேலி என்கிறீர்கள், இளங்கொடியைக் கம்பியோடு உரசி உரசியே தளிரைக் கருக்கிவிடும். ஆவணி வரட்டும்.

வரியன் (கோவை), ஜூன் 28

அண்ணா சொன்ன பட்டியலில் என் ஓட்டு வேலிப்பருத்திக்கு. உத்தாமணி என்றும் சொல்வார்கள். கொடியை ஒடித்தால் பால் வரும், இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி வாடை, வெளிர் பச்சையும் வெள்ளையுமாகக் கொத்தாகத் தொங்குகிற பூ. பார்வைக்குப் பெரிய அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி முட்டையிடுகிற செடிகளில் இது ஒன்று. வெந்தய நிறம், சிறகு நுனியில் கறுப்பும் வெள்ளையும், எருக்கஞ்செடிப் பக்கம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பட்டாம்பூச்சிக்கு என்று செடி வைக்கிற பெரும்பாலானோர் பூவைத்தான் பார்க்கிறார்கள். தேன் குடிக்க எந்தப் பூவாக இருந்தாலும் அதற்குப் பரவாயில்லை. முட்டையிடுவது அப்படியில்லை, காலால் இலையைத் தொட்டு ருசி பார்த்து, தன் புழு தின்கிற இலைதான் என்று தெரிந்த பிறகுதான் இடும். வெந்தய வரியனுக்கு எருக்கு, வேலிப்பருத்தி மாதிரிப் பால் வடிகிற செடிகள். நீல வரியனுக்குக் கொடிப்பாலை. சிவப்புடல் அழகிக்கும் ரோஜா அழகிக்கும் ஆடுதின்னாப்பாளை அல்லது பெருமருந்துக்கொடி. ஆதண்டையை நம்பி வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கூட்டமே இருக்கிறது. அந்தக் கொடி ஊரில் இல்லையென்றால் அந்தப் பூச்சியும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது. இலையைப் புழு தின்னும். கொடி மொட்டையாகும். அதற்காகத்தான் வைக்கிறோம்.

மொட்டைமாடி (திருப்பூர்), ஜூன் 29

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மாடியில் அந்த மெக்சிகோ கொடியைத்தான் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், காலையில் தேனீக்கள் கூட்டமாக மொய்க்கும், வருடம் பூராவும் பூ. அதற்கு என்ன குறை? வேலிப்பருத்தி பக்காக் களை. காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறந்து ஊரெல்லாம் முளைக்கும், என் மாமனார் சோளக்காட்டில் அதைப் பிடுங்கியே ஓய்ந்தார். சும்மா நம்மூர் நம்மூர் என்று களையை எல்லாம் தலையில் தூக்கி வைக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

வரியன் (கோவை), ஜூன் 29

பஞ்சு பறப்பது உண்மைதான். காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் வேலை முடிந்தது, இரண்டு இரண்டாக மென்முள்ளோடு கொம்பு மாதிரித் தொங்கும், தேட வேண்டியதே இல்லை.

மெக்சிகோ கொடிக்குத் தேனீ வருவதும் உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று வருடத்தில் ஒரு புழு கடித்த ஓட்டையாவது கண்ணில் பட்டதா? நம்மூர்ப் பூச்சிகளில் அநேகத்துக்கு அது தின்கிற பொருளே இல்லை. புழு இல்லாத கொடியில் தையல்சிட்டுக்கு என்ன வேலை? தானியம் தின்கிற குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் கொண்டுபோய் ஊட்டும். தொட்டியில் இருக்கிற வரைக்கும் உங்கள் கொடியால் தொந்தரவு இல்லை. தரையில் விட்டால் கிழங்கு வைத்துவிடும், அப்புறம் பிடுங்கப் பிடுங்கத் துளிர்க்கும். களை என்று பார்த்தால் அதுவும் ஒன்றும் சளைத்ததில்லை.

மொட்டைமாடி (திருப்பூர்), ஜூன் 30

மாடிக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். கொடியைப் பிடுங்க மாட்டேன்.

கலப்பைக்கிழங்கு (மூலனூர்), ஜூலை 2

செங்காந்தளை ஒருவரும் சொல்லவில்லையே? தமிழ்நாட்டின் மாநில மலர், நாங்கள் கண்வலிக்கிழங்கு என்போம். இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பூ மஞ்சளும் பச்சையுமாகத் திறந்து, நாள் போகப் போகச் செக்கச் சிவப்பாகும். எங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் இதே வெள்ளாமைதான், விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. முன்பு இதைப் படரவிட்டதும் கிளுவை மேலும் விராலி மேலும்தான், இப்போது கம்பிப் பந்தலும் ஆச்சு.

பூவைக் கிட்டே போய்ப் பார்த்தால் வேடிக்கை. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும், மகரந்தப் பைகள் வேறு திசையில். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் படாது. பெரிய பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ பூவைச் சுற்றிவந்தால்தான் காரியம் நடக்கும். எங்கள் காட்டில் அவையெல்லாம் வந்து சேருவது போதாது, அதனால் சீசனில் காலை எட்டு மணிக்குப் பெண்ணாட்கள் வரிசையாக நின்று கையாலேயே மகரந்தம் தொட்டுவைப்பார்கள். பூச்சி செய்ய வேண்டிய வேலைக்கு நாங்கள் கூலி கொடுக்கிறோம். மருந்தடிக்காமலும் முடியவில்லை, கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த ஒரு புழு விழுந்தால் இலையே மிஞ்சாது. எங்கள் அப்பாவிடம் "மருந்தடித்தால் பட்டாம்பூச்சி எப்படிங்க வரும்" என்று ஒருநாள் கேட்டேன், பதில் வரவில்லை, மருந்துக் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். அக்கா, உங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. இந்தச் செடியின் ஒவ்வொரு பாகமும் நஞ்சு, கிழங்கு படுமோசம். கால்ச்சிசின் என்கிற பொருள்தான் காரணம், கீல்வாத மருந்தாவதும் அதே பொருள்தான். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போய்ப் படித்து விவரம் தெரியட்டும், அப்புறம் வையுங்கள். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற நானே என் வீட்டு வாசலில் வைக்கவில்லை.

பொடக்காளி (சூலூர்), ஜூலை 2

ஐயோ, போன வாரம்தான் ஒரு கிழங்கு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். நல்ல வேளை. குன்றிமணியும் விஷம்தானே? ஊரில் பல்லாங்குழிக்கு வைத்து விளையாடியிருக்கிறோம்.

கலப்பைக்கிழங்கு (மூலனூர்), ஜூலை 3

விஷம்தான். தோல் உடையாமல் விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே போய்விடும், மென்றாலோ துளை போட்டிருந்தாலோ ஆபத்து. அதுவும் வேண்டாம்.

அம்மிச்சி பேத்தி (கோபி), ஜூலை 3

பாம்பு விஷயம் பேசலாமா? எங்கள் அம்மிச்சியும் இதே பாட்டுத்தான், கொடி வைத்தால் பாம்பு வரும். ஆனால் அதே அம்மிச்சி வாசலில் பெருமருந்துக்கொடி வைத்திருந்தார், கேட்டால் அது கருடக்கொடி, பாம்பை அண்டவிடாது என்பார். ஒரு கொடி கூப்பிடும், ஒரு கொடி விரட்டும். பாம்பு பாவம், எந்தப் பக்கம் போகும்?

எனக்குத் தெரிந்து பாம்பு எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது. தரையோடு புதர் மண்டவிடாமல் அடியிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு இலையைக் கழித்துவிட்டு, ஓடு, செங்கல், விறகை அங்கே குவிக்காமல் இருந்தால் அத்தைக்கும் தரை தெரியும், மனசும் ஆறும். கருடக்கொடியை நம்பி யாரும் கடிக்கு அதை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அதில் இருக்கிற அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கடித்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

என் சிபாரிசு தூதுவளை. முள் உண்டு, பிள்ளைக்குக் கை எட்டாத மூலையில் வையுங்கள். ஊதாப் பூ, நடுவில் மஞ்சளாக மகரந்தக் குழல்கள். அந்தக் குழல் வெடித்துத் திறக்காது, நுனியில் ஒரு பொத்தல்தான் இருக்கும். கறுப்பாகப் பெரிதாக ஒரு வண்டு வருமே, மரத்தைத் துளைக்கிற தச்சன் வண்டு, அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். உப்பு டப்பாவை ஆட்டினால் உப்புக் கொட்டுகிற மாதிரி மகரந்தம் கொட்டும். காலையில் பக்கத்தில் நின்றால் 'ர்ர்ர்' என்று சத்தமே கேட்கும். அப்புறம் சிவப்புப் பழம், சின்னானுக்கு. நமக்கு இலை, சளி பிடித்தால் ரசம். ஒரே கொடியில் மூன்று பேர் சாப்பாடு.

வரியன் (கோவை), ஜூலை 3

பெருமருந்துக்கொடி பற்றி ஒரு எச்சரிக்கை. நர்சரியில் 'வாத்துப்பூக்கொடி' என்று பெரிய பூவோடு ஒன்று விற்பார்கள். அதே குடும்பம், ஆனால் தென்னமெரிக்கச் செடி. வாசம் ஒன்றுபோல இருப்பதால் தாய்ப்பூச்சி ஏமாந்து முட்டையிட்டுவிடும், புழு தின்று செத்துப்போகும். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் என்கிற பெரிய பட்டாம்பூச்சிக்கு இதே கதைதான் நடந்தது, அங்கே இந்தக் கொடியைத் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள். நம்முடையதில் பூ சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. சிறு ஈ உள்ளே போனால் குழாயில் கீழ்நோக்கிய ரோமம் தடுத்துவிடும், ரோமம் வாடிய பிறகுதான் விடுதலை, அதுவும் உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு.

இதில் ஒரு சந்தேகம் எல்லோரும் கேட்பார்கள், வந்திருப்பது எந்தப் புழு என்று. கருஞ்சிவப்பு உடம்பில் நடுவே வெள்ளைப் பட்டை இருந்தால் ரோஜா அழகி, பட்டை இல்லாவிட்டால் சிவப்புடல் அழகி. இரண்டையும் குருவி தொடாது, இலையின் நஞ்சு உடம்பில் ஏறியிருக்கும்.

பொடக்காளி (சூலூர்), ஜூலை 5

எல்லோருக்கும் நன்றிங்க. படித்துப் படித்துத் தலை சுற்றிவிட்டது, ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். 30 அடியில் முதல் 10 அடி கோவை, நடுவில் வேலிப்பருத்தி, கடைசி மூலையில் தூதுவளை. காகிதப்பூ வேண்டாம். கோவைக்கு விதையா, குச்சியா?

இட்டேரிக்காரன் (தாராபுரம்), ஜூலை 5

குச்சிதான். பென்சில் தடிமனில், கணு நாலு இருக்கிற மாதிரி. ஆனால் பார்த்து எடுங்கள், கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூவுக்கு அடியில் குட்டிக் கோவைக்காய் மாதிரி இருந்தால் பெண், வெறும் காம்பாக இருந்தால் ஆண். இரண்டிலும் ஒவ்வொன்று வையுங்கள், ஆண் கொடி அக்கம்பக்கத்து வேலியில் இருந்தாலும் போதும். பழம் சிவந்ததும் கிளி வரும், நீங்கள் பொரியலுக்குப் பறித்தது போக மிச்சத்தை அதுக்கு விடுங்கள். குழியில் இருக்கிற ஜல்லியை அள்ளிவிட்டு ஒரு சட்டி எருவும் மேல்மண்ணும் போடுங்கள். உப்புத் தண்ணீருக்கு இவை ஒன்றும் அசராது, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் தெரியும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அப்புறம் குடம் தூக்க வேண்டியதில்லை.

மருந்து மட்டும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம்.

பொடக்காளி (சூலூர்), நவம்பர் 16

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆவணியில் நட்டேன். தூதுவளை இரண்டில் ஒன்றை எதிர்வீட்டு ஆடு தின்றுவிட்டது. கோவை கம்பி மேல் ஏறிவிட்டது, இன்னும் பூக்கவில்லை. வேலிப்பருத்தியைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை, ஏழு அடி ஏறி இதய வடிவத்தில் இலையாகக் குவிந்து நிற்கிறது, எதிர்வீட்டுக்காரர் "ஏனுங்க, வேலியைச் சுத்தம் பண்ண ஆள் அனுப்பட்டுங்களா" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார். அடுப்பங்கரையில் வெயில் பாதி குறைந்துவிட்டது என்பது உண்மை.

மொட்டைமாடி (திருப்பூர்), நவம்பர் 16

நான் அப்பவே சொன்னேன்.

(நானும் ஒரு தொட்டியில் முடக்கத்தான் போட்டேன். தோசைக்குத்தான். வெள்ளைப் பூ கடுகளவு, அதற்குள் ஏதோ குட்டித் தேனீ எல்லாம் போகிறது.)

பொடக்காளி (சூலூர்), ஜனவரி 7

அவசரம். வரியன் சார் இருக்கிறீர்களா? போன வாரம் இலைக்கு அடியில் வெள்ளையாக முட்டை ஒன்று பார்த்தேன், பிள்ளைக்குக் காட்டினேன். இன்றைக்கு எண்ணினால் பதினொரு புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் வளையமாக, முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு. வேலிப்பருத்தியில் இலையே இல்லை, வெறும் நரம்புதான் நிற்கிறது! புழுக்கள் தண்டைச் சுற்றிச் சுற்றி அலைகின்றன. கீரை போட்டால் தின்னுமா?

வரியன் (கோவை), ஜனவரி 7

வெந்தய வரியனேதான், வாழ்த்துகள். கீரையைத் தொடாது, பட்டினி கிடந்து சாகும். எருக்கிலை கிடைக்குமா? தளிராகப் பார்த்துப் பறித்துக் கொடியிலேயே செருகிவிடுங்கள், ஏறிக்கொள்ளும். பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவாமல் பிள்ளையைத் தொட வேண்டாம். வேலிப்பருத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும்.

பொடக்காளி (சூலூர்), ஜனவரி 11

எருக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அத்தைக்குத்தான் தெரிந்தது. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்ட எந்தப் பொறம்போக்கில் பறிப்பது என்று இந்த ஒரு வருடத்துக்குள் பார்த்துவைத்திருக்கிறார். காலையும் பொழுதோடவும் பையை எடுத்துக்கொண்டு அவரே போய்வருகிறார். பாம்புப் பேச்சு இந்த வாரம் இல்லை.

பதினொன்றில் இரண்டைக் காணோம். மற்றதில் ஐந்து இன்னும் தின்கின்றன. நாலு கூட்டுப்புழுவாகிவிட்டன, மூன்று வேலியில், ஒன்று மட்டும் எப்படி வந்ததோ தெரியவில்லை, முற்றத்தைத் தாண்டித் துணி காயப்போடுகிற கொடியில், ஒரு கிளிப்புக்குப் பக்கத்தில், பச்சையாகத் தங்கப் புள்ளி வைத்த மாதிரித் தொங்குகிறது. அது பறக்கிற வரைக்கும் அந்தக் கொடியைத் தொடக் கூடாது என்று அத்தை உத்தரவு. துவைத்த துணி எல்லாம் நாற்காலி மேல் கிடக்கிறது.

இட்டேரிக்காரன் (தாராபுரம்), ஜனவரி 11

தைப் பொங்கல் நோம்பிக்கு இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க. காப்புக்கட்டுக்குப் பூளைப்பூ பறிக்கப் போகும்போது வேலிப்பருத்தி விதை ஒரு கை, பெருமருந்துக்கொடி கிடைத்தால் அதிலும் ஒன்று, எடுத்துவைக்கிறேன். ஆட்டுக்குக் கிளுவைப் போத்துதான் மருந்து, தூதுவளையைச் சுற்றி நாலு நட்டுவிடுங்கள். வண்டியில் இடம் வைத்துக்கொண்டு வாங்க, முள் சீட்டைக் கிழித்துவிடும், பழைய சாக்கு ரெண்டு கொண்டுவந்தால் நல்லது.